கடையில் கிடைத்த பழைய எபிரேய நூல்: எவ்வளவு பழசு, விலை உண்டா, இதைச் சேர்க்கலாமா?

கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் புரியும். லண்டனில், இறந்துபோனவர்களின் வீட்டுச் சாமான்களை விற்கும் ஒரு கடையில் 40 பவுண்டுக்குக் கனமான எபிரேயப் புத்தகம் ஒன்று வாங்கியிருக்கிறீர்கள். 500 வருஷப் பழசு என்று கடைக்காரர் சொன்னார். உள்ளே ராமபாணப் பூச்சி அரித்த ஓட்டைகள், சில வரிகள் மேல் யாரோ மை பூசி அடித்திருக்கிறார்கள், "முதல் பக்கத்தில்" ஆங்கிலம் மாதிரி ஒரு கிறுக்கல், அதைத் துடைத்துச் சுத்தம் செய்யலாமா என்று கேட்கிறீர்கள். கூடவே, எபிரேயம் தெரியாத, யூதர் அல்லாத ஒருவர் இப்படிப்பட்ட நூல்களைச் சேர்க்க முடியுமா என்றும். மேலுக்கு இது விலை பற்றிய கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் உண்மையில் நீங்கள் கேட்பது, கையில் இருக்கிற ஒரு பிரதி என்ன சொல்கிறது என்பதைப் படிக்கத் தெரியாமல் இந்த ஆசையில் இறங்கலாமா என்பதுதான். இறங்கலாம், ஆனால் கொஞ்சம் படிக்கக் கற்றுக்கொண்டு. நான் ஒரு நூலகத்தில் பல வருஷம் எபிரேய, அரபு பழைய அச்சு நூல்களுக்கு அட்டவணை எழுதியவன். வியாபாரி இல்லை, விலை மதிப்பிடுவது என் தொழிலும் இல்லை. அதை மனதில் வைத்துப் படியுங்கள்.

முதலில் அவசரமானது: எதையும் துடைக்காதீர்கள். ரப்பர், ஈரத்துணி, எதுவும் வேண்டாம். எபிரேயப் புத்தகம் வலப்பக்கத்திலிருந்து திறக்கும், ஆகவே நீங்கள் முதல் பக்கம் என்று படம் எடுத்தது கடைசிப் பக்கம். அந்தக் கிறுக்கல், இருக்கிற படத்தில் எனக்குத் தெரிகிற வரை, தொமெனிகோ ஜெரோசொலிமித்தானோ என்ற தணிக்கை அதிகாரியின் கையெழுத்து, பக்கத்தில் 1597 என்ற ஆண்டு. இவர் எருசலேமில் பிறந்த யூதர், சஃபெத்தில் படித்தவர், கான்ஸ்டான்டினோபிளில் சுல்தானின் அரண்மனையில் மருத்துவராக இருந்தவர். பிறகு கிறிஸ்தவராக மாறி, இத்தாலியில் எபிரேய நூல்களைத் தணிக்கை செய்யும் வேலைக்கு வந்தார். எந்தெந்த நூலில் எந்தெந்த வரியை அடிக்க வேண்டும் என்று 1596 வாக்கில் எபிரேயத்திலேயே ஒரு கையேடு தொகுத்தார். யூதக் குடும்பங்கள் தங்கள் புத்தகங்களையெல்லாம் கொண்டுவந்து காட்ட வேண்டும், அவர் அடிக்க வேண்டியதை அடித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடுவார். பல இடங்களில் அந்தச் செலவும் யூதர்கள் தலையிலேயே விழுந்தது. கையெழுத்து இல்லாத புத்தகம் பிடிபட்டால் அபராதம், பறிமுதல். ஆகவே அது உங்கள் நூலின் உயிர்ச்சான்றிதழ் என்றே வைத்துக்கொள்ளலாம். அது இருந்ததால்தான் நூல் பிழைத்தது.

மை பூசிய வரிகளும் அதே கையின் வேலையாக இருக்கலாம், அல்லது அவருக்கு முன்போ பின்போ வந்த இன்னொருவருடையது. ஒரே பிரதியில் மூன்று நான்கு தணிக்கையாளர் கையெழுத்து இருப்பது சாதாரணம், ஒருவர் விட்டதை அடுத்தவர் அடிப்பார். சிலை வணக்கம் செய்பவர்கள், மதம் மாறியவர்கள், ரோம், அதற்கு யூதர்கள் வைத்த மறைபெயரான ஏதோம் மாதிரியான சொற்கள் வந்தாலே அவர்களுக்குக் கிறிஸ்தவத்தைத் திட்டுவதாகப் பட்டது. ஒரு விசேஷம் சொல்கிறேன். அச்சு மை எண்ணெயும் கரியும் சேர்ந்தது, மங்காது. தணிக்கையாளரின் மை இரும்பு உப்பும் கடுக்காய் மாதிரியான துவர்ப்புப் பொருளும் சேர்ந்தது, நாளாக ஆகப் பழுப்பாகி வெளுக்கும். அதனால் 400 வருஷம் கழித்து, அடித்த வரியை அடியில் தெளிவாகப் படிக்க முடிகிற பிரதிகள் ஏராளம். உங்கள் படத்தில் இரண்டு இடம் அப்படித்தான் தெரிகிறது. அதே மை சில இடங்களில் தாளையே அரித்து ஓட்டை போட்டுவிடும், அப்படி இருந்தால் அந்த ஏட்டை அதிகம் புரட்டாதீர்கள்.

சரி, வயது. தலைப்புப் பக்கத்தின் அடியில் மூன்று எழுத்துகள் தனியாக இருக்கின்றன: ஷின், மெம், ஸயின். எபிரேயத்தில் எழுத்துக்கு எண் மதிப்பு உண்டு. ஷின் 300, மெம் 40, ஸயின் 7, ஆக 347. ஆயிரத்தை விட்டுவிட்டு எழுதுவது வழக்கம், அதாவது அது யூத நாள்காட்டியில் 5347. இந்தச் சிறு எண்ணோடு 1240 கூட்டினால் நம் ஆண்டு வந்துவிடும்: 1587. யூத ஆண்டு செப்டம்பர், அக்டோபர் வாக்கில் பிறப்பதால் 1586 கடைசியாகவும் இருக்கலாம். இது நிச்சயம். இடம் வெனிஸ், அச்சகம் ஜொவான்னி தி காரா, அதுவும் கீழே இருக்கிறது. கடைக்காரர் அறுபது வருஷம் கூட்டிச் சொல்லியிருக்கிறார், கடைக்காரர்கள் கணக்கில் அது பெரிய பொய் இல்லை. ஆனால் எல்லா நூலிலும் ஆண்டு இவ்வளவு நேராக இருக்காது. வேதத்திலிருந்து ஒரு வசனத்தைப் போட்டு, அதில் சில எழுத்துகளை மட்டும் பெரிதாகவோ மேலே புள்ளி வைத்தோ அச்சடிப்பார்கள், அவற்றை மட்டும் கூட்ட வேண்டும். புள்ளி தேய்ந்துபோனால் ஆண்டு மாறிவிடும். பழைய அட்டவணைகளில் இதனாலேயே பிறந்த, உண்மையில் இல்லாத பதிப்புகள் உண்டு.

இடத்தையும் கண்ணை மூடி நம்பக் கூடாது. 17ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம் எபிரேய அச்சுக்குத் தலைநகரம் மாதிரி ஆகிவிட்டது. 1627இல் மெனாசே பென் இஸ்ரயேல் அங்கே முதல் பிரார்த்தனை நூலை அச்சிட்டார், பிறகு அத்தியாஸ், புரோப்ஸ் போன்ற அச்சகங்கள் வந்தன, அவர்களின் எழுத்துகள் அவ்வளவு தெளிவு. உடனே ஜெர்மனியிலும் கிழக்கு ஐரோப்பாவிலும் இருந்த சின்ன அச்சகங்கள் என்ன செய்தன என்றால், "ஆம்ஸ்டர்டாம்" என்று தலைப்புப் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டு, அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத பொடியில் "எழுத்துகளில் அச்சிடப்பட்டது" என்ற அர்த்தம் வரும் சொல்லைச் சேர்த்தன. சொன்னது பொய்யும் இல்லை, வாங்குகிறவன் ஏமாறவும் செய்தான். இன்று இணைய ஏலத்தில் எபிரேயம் தெரியாத விற்பனையாளர் அந்தக் கொட்டை எழுத்தை மட்டும் பார்த்துவிட்டு ஆம்ஸ்டர்டாம் விலை போடுகிறார். அலங்காரச் சட்டமும் அப்படித்தான், மரக்கட்டை அச்சு கைமாறிக்கொண்டே இருக்கும். ரோமானியத் தெய்வங்களான மார்ஸும் மினர்வாவும் இரு பக்கமும் நிற்கும் ஒரு சட்டம் 1550களில் சபியொனேத்தா ஊரின் யூத சமய நூல்களில் வருகிறது, அப்புறம் வேறு ஊர்களிலும் தலைகாட்டுகிறது. ரப்பிகள், அதாவது யூத மதகுருமார்கள், எழுதிய சட்ட நூலுக்கு இரண்டு பக்கமும் போர்த் தெய்வங்கள் காவல் நிற்பதைப் பார்த்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வரும், ஆனால் அந்தக் காலத்தில் யாரும் பெரிதாகக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை.

இந்தத் தொழிலின் வரலாறு கொஞ்சம் தெரிந்தால்தான் எது அரிது, எது சாதாரணம் என்று புரியும். தேதி போட்ட முதல் எபிரேய அச்சு நூல் 1475 பிப்ரவரியில், தென் இத்தாலியில் ரெஜ்ஜோ தி கலாப்ரியாவில், ஆபிரகாம் பென் கார்த்தோன் அச்சிட்டது: மோசேயின் ஐந்து நூல்களான தோராவுக்கு ராஷி என்ற இடைக்கால ரப்பி எழுதிய உரை. தெரிந்தவரை மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பிரதி, அதுவும் முழுதாக இல்லை, பார்மா நகர நூலகத்தில் இருக்கிறது. அதே ஆண்டு ஜூலையில் வடக்கே பியோவே தி சாக்கோவில் ஒரு பெரிய சட்டத் தொகுப்பு வந்தது. ரோமில் தேதியே இல்லாத சில நூல்கள் இவற்றுக்கும் முன்பே, 1469க்கும் 1473க்கும் இடையில், அச்சானவை என்பது பெரும்பாலான அறிஞர்களின் கருத்து. தாள், எழுத்து இவற்றை வைத்துச் செய்யும் கணிப்பு அது, கல்வெட்டு மாதிரி ஆதாரம் இல்லை. கான்ஸ்டான்டினோபிளில் 1493 டிசம்பர் தேதியோடு வந்த நூலைப் பற்றியும் நெடுநாள் தகராறு, தேதியில் பத்து வருஷம் பிழை இருக்கும் என்று சிலர் சொன்னார்கள். தாளையும் எழுத்தையும் ஆராய்ந்த பிறகு இப்போது 1493தான் என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். அப்படியானால் ஒட்டோமான் பேரரசில் எந்த மொழியிலும் அச்சான முதல் நூலே அதுதான், ஸ்பெயினிலிருந்து துரத்தப்பட்டு வந்து ஓராண்டு சொச்சத்தில் இப்ன் நஹ்மியாஸ் சகோதரர்கள் அதை முடித்திருக்கிறார்கள். போர்ச்சுகலில் அச்சான முதல் நூலும் எபிரேயம்தான், 1487இல் ஃபாரோ என்ற ஊரில். ஆப்பிரிக்காவின் முதல் அச்சு நூலை 1516இல் மொராக்கோவின் ஃபெஸ் நகரில் லிஸ்பனிலிருந்து ஓடிவந்தவர்கள் அச்சிட்டார்கள். துரத்த துரத்த அச்சுக்கூடமும் கூடவே போயிருக்கிறது. சொன்சினோ குடும்பத்தின் கெர்ஷோம் என்பவர் இத்தாலியில் பிரெஷா, ஃபானோ, பெசாரோ, ரிமினி என்று ஊர் ஊராக அச்சகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்து, கடைசியில் சலோனிக்கா போய், 1534இல் கான்ஸ்டான்டினோபிளில் இறந்தார். பிரெஷாவில் 1494இல் அவர் அச்சிட்ட எபிரேய வேதாகமத்தைத்தான் மார்ட்டின் லூதர் தன் மொழிபெயர்ப்புக்கு வைத்துக்கொண்டார்.

உங்கள் நூல் வெனிஸ் என்பதால் அங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். அந்த நகரத்தில் யூதர்கள் சொந்தமாக அச்சகம் நடத்த முடியாது. ஆகவே கிறிஸ்தவ முதலாளி, யூத அச்சுக்கோர்ப்பவர், யூதத் திருத்துநர் என்று ஒரு ஏற்பாடு. ஆன்ட்வெர்ப்பிலிருந்து வந்த தானியேல் போம்பெர்க் என்ற கிறிஸ்தவ வணிகர்தான் இதைப் பெரிதாக்கியவர். யூதர்களை கெட்டோ என்ற தனிக் குடியிருப்புக்குள் அடைத்த 1516ஐ ஒட்டிய அதே ஆண்டுகளில், தன் வேலைக்கு வேண்டிய யூதர்கள் மஞ்சள் தொப்பி போட வேண்டியதில்லை என்று அரசிடம் அனுமதி கேட்டவர் அவர். 1520 முதல் 1523 வரை அவர் வெளியிட்டதுதான், யூதச் சட்ட விவாதங்களின் பெருந்தொகுப்பான பாபிலோனியத் தல்மூத்தின் முதல் முழுப் பதிப்பு. நடுவில் மூலம், ஒருபுறம் ராஷியின் உரை, மறுபுறம் பின்வந்தவர்களின் குறிப்புகள், இந்த அமைப்பு சொன்சினோ காலத்திலேயே வந்துவிட்டது. ஏட்டு எண்ணை நிலைநிறுத்தியவர் போம்பெர்க். இன்று நியூயார்க்கிலோ எருசலேமிலோ ஒரு மாணவன் தல்மூத்தில் ஏட்டு எண் சொன்னால் அது போம்பெர்க் போட்ட எண்தான். உரைக்குப் பயன்படும் அந்தச் சாய்வான எழுத்தை ராஷி எழுத்து என்கிறார்கள், ஆனால் 1105இல் இறந்த ராஷி அதில் ஒரு வரி எழுதியதில்லை. ஸ்பெயின் யூதர்களின் கையெழுத்து வடிவம் அது, மூலத்திலிருந்து உரையைப் பிரித்துக் காட்ட அச்சகங்கள் எடுத்துக்கொண்டன. உங்கள் நூலிலும் இரண்டு வகை எழுத்தும் இருக்கிறது பாருங்கள்.

அடுத்து வந்ததுதான் கொடுமை. 1550இல் ஜுஸ்தினியானி, பிராகதீன் என்ற இரண்டு வெனிஸ் அச்சக முதலாளிகள், இருவரும் கிறிஸ்தவர்கள், இடைக்கால யூத அறிஞர் மைமோனிதெசின் சட்ட நூலைப் போட்டி போட்டு அச்சிட்டார்கள். வழக்கு போலந்தில் இருந்த ரப்பி மோசே இஸ்ஸெர்லெஸ் வரை போனது, ஜுஸ்தினியானி பதிப்பை யாரும் வாங்கக் கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பதிப்புரிமை பற்றிய ஆரம்பகாலத் தீர்ப்புகளில் ஒன்றாக இதை இன்றும் சொல்வார்கள். தோற்றவர் விடுவாரா, ஒருவர் வெளியிட்ட நூல்களில் கிறிஸ்தவத்துக்கு விரோதமானது இருக்கிறது என்று மற்றவர் ரோமில் போய்ச் சொல்ல, அது வளர்ந்து, 1553 செப்டம்பர் 9, யூதப் புத்தாண்டு அன்று, ரோமின் காம்போ தெ ஃபியோரி சதுக்கத்தில் தல்மூத் பிரதிகளைக் குவித்து எரித்தார்கள். அக்டோபரில் வெனிசிலும் எரித்தார்கள். போட்டி வியாபாரம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், திருச்சபை அப்போது போய்க்கொண்டிருந்த திசையே அதுதான், ஆனால் தீப்பெட்டியை எடுத்துக்கொடுத்தது அந்தச் சண்டை. அதன் பிறகு வெனிசில் சுமார் பத்து வருஷம் எபிரேய அச்சே இல்லை. திரும்பத் தொடங்கியபோது தணிக்கையோடு தொடங்கியது. 1560களில் தொழிலுக்கு வந்த தி காரா, போம்பெர்க் அச்சகத்தின் எழுத்துகளில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு இருநூறுக்கும் மேற்பட்ட நூல்களை அச்சிட்டார். உங்களுடையது அதில் ஒன்று.

இப்போது விலைக்கு வருகிறேன். இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள், ஏனென்றால் பழசு என்றால் பணம் என்ற கணக்கு எபிரேய நூல்களில் பாதி நேரம் வேலை செய்யாது. போம்பெர்க் தல்மூத்தின் முழுத் தொகுதி ஒன்று பல நூற்றாண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் யாரும் தொடாமல் கிடந்தது. ஜாக் லன்சர் என்ற சேகரிப்பாளர் அதைக் கண்டு, அபேயின் பழைய சாசனம் ஒன்றை வாங்கிக்கொடுத்து, 1980இல் மாற்றிக்கொண்டார். 2015 டிசம்பரில் ஏலத்தில் 93 லட்சம் டாலருக்குப் போனது. முழுமை, சுத்தம், கைமாறிய கதை, இந்த மூன்றுக்கும் கொடுத்த விலை அது. அதே பதிப்பின் பத்து ஏடு குறைந்த ஒற்றைப் பகுதிக்கும் அந்தத் தொகைக்கும் சம்பந்தமே இல்லை. மறுபக்கம், 1791இல் தொடங்கிய உக்ரைனின் ஸ்லாவுத்தா அச்சகத்து நூலைப் பாருங்கள். வயது 200 சொச்சம்தான், ஆனால் அதை நடத்தியது, ஹசிதியர்கள் என்ற யூத பக்தி இயக்கத்தவர் போற்றும் ஒரு ரப்பியின் குடும்பம். 1835இல் அங்கே ஒரு தொழிலாளி தூக்கில் தொங்கிய நிலையில் கிடந்தார், குற்றம் அச்சக உரிமையாளர்களான சகோதரர்கள் மேல் விழுந்தது, கசையடியும் கிடைத்தது. அடுத்த ஆண்டே ஜார் அரசு இரண்டு இடங்களைத் தவிர எல்லா யூத அச்சகங்களையும் மூடியது. ஹசிதியக் குடும்பங்களுக்கு ஸ்லாவுத்தா நூல் ஒரு புனிதப் பொருள், ஆகவே சில சமயம் 16ஆம் நூற்றாண்டு வெனிஸ் நூலைவிட அதிக விலைக்குப் போகும். ஆனால் வில்னா நகரில் ரோம் என்ற பெயருடைய அச்சகக் குடும்பத்தார் 1880களில் அச்சிட்ட புகழ்பெற்ற தல்மூத், மரக்கூழ்த் தாளில் அச்சானதால் தொட்டால் உதிரும், எண்ணிக்கையும் அதிகம். வீட்டில் தாத்தா வைத்திருந்தது என்று யாராவது பெரிய விலை சொன்னால் நகர்ந்துவிடுங்கள்.

உங்கள் பிரதிக்கு என்ன? முழுதாக இருந்தால் சில நூறு பவுண்டு பெறும் என்பது என் ஊகம், ஊகம் மட்டுமே. ராமபாண ஓட்டை எழுத்தைத் தின்னாத வரை பெரிய குறை இல்லை. பெரிய குறை ஏடு குறைவது. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் அடுத்த பக்கத்தின் முதல் சொல் அச்சாகியிருக்கும், எபிரேயம் தெரியாவிட்டாலும் உருவத்தை ஒப்பிட்டுக்கொண்டே போகலாம், பொருந்தாத இடத்தில் ஏதோ போயிருக்கிறது. பைண்டிங் செய்தவர் மேல் விளிம்பை வெட்டித் தள்ளியதில் தலைப்பு வரி பாதி அறுபட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். முக்கியமாகத் தலைப்புப் பக்கத்தை வெளிச்சத்தில் பிடியுங்கள். அந்தக் காலத்துத் தாளில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பிக் கோடுகளும் எங்காவது ஒரு நீர்க்குறியும் தெரியும், வெனிஸ் பக்கத்துத் தாளில் நங்கூரம் அடிக்கடி வரும். உள்ளே இருக்கும் ஏடுகளில் கோடு தெரிந்து தலைப்புப் பக்கத்தில் மட்டும் தெரியாவிட்டால் அது பின்னால் ஒட்டிய நகல். பழைய வெற்றுத் தாளைத் தேடிப்பிடித்து அதில் நகல் எடுக்கிறவர்களும் உண்டு, அப்போது பின்பக்கத்தைத் தடவிப் பாருங்கள், ஈய எழுத்து அழுத்திய தடம் விரலுக்குத் தெரிய வேண்டும். நீலத் தாளைப் பற்றியும் ஒரு வார்த்தை: 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் பணக்காரர்களுக்காகத் தனியாக நீலத் தாளில் சில பிரதிகள் அடித்தார்கள், அவை அபூர்வம். 18, 19ஆம் நூற்றாண்டுக் கிழக்கு ஐரோப்பிய நூல்களில் வரும் நீலச் சாயல் மலிவுக் கந்தலின் நிறம். இரண்டையும் ஒன்றாக்கி விற்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அதைவிட மோசமான ஏமாற்று, பெரிய ரப்பியின் கையெழுத்து இருக்கிறது என்று சொல்வது. சாதாரண நூலின் ஓரத்தில் ஒரு பெயரைப் பழைய மை மாதிரி எழுதிவிட்டால் விலை பல மடங்கு. முதல் உலகப் போர் முடியும் சமயத்தில், ஹசிதிய இயக்கத்தின் முன்னோடிகள் எழுதியவை என்று நூற்றுக்கணக்கான கடிதங்கள் கெர்சோன் நகரிலிருந்து வெளிவந்தன, ஆராய்ச்சியாளர்கள் அவற்றைப் போலி என்றார்கள், ஆனால் அவற்றை உண்மை என்று ஏற்ற பெரியவர்களும் இருந்தார்கள், அந்த வாதம் இன்றுவரை முழுதாக ஓயவில்லை. அவ்வளவு பெரியவர்களே முரண்படுகிற இடத்தில் படம் பார்த்து நீங்களோ நானோ சொல்ல முடியாது. கையெழுத்துக்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள், அவ்வளவுதான்.

பழைய உடைமையாளர்களும் நூலகங்களும் குத்திய முத்திரைகளைப் பார்க்கப் பழகுங்கள், இதை நான் எவ்வளவு வற்புறுத்தினாலும் தகும். நாஜிகள் யூத நூல்களை எரித்ததைப் போலவே அள்ளிக்கொண்டும் போனார்கள், ரோசன்பர்க் தலைமையில் அதற்கென்றே ஓர் அமைப்பு இருந்தது. போருக்குப் பிறகு ஃபிராங்க்ஃபர்ட் பக்கத்தில் ஓஃபன்பாக்கில் அமெரிக்க ராணுவம் கிடங்கு வைத்து, முத்திரை முத்திரையாகப் பிரித்து, முப்பது லட்சம் அளவில் நூல்களையும் ஆவணங்களையும் திருப்பி அனுப்பியது. திருப்பிக் கொடுக்க ஆளே உயிரோடு இல்லாத சுமார் ஐந்து லட்சம் நூல்களை ஒரு யூத அமைப்பு உலக நூலகங்களுக்குப் பிரித்துக் கொடுத்தது, அந்த வேலையை நடத்திய செயலாளர் தத்துவ அறிஞர் ஹன்னா ஆரெண்ட். அந்த அமைப்பின் சீட்டு ஒட்டியிருந்தால் நூல் நேர்வழியில் வந்து நூலகத்துக்குப் போனது என்று அர்த்தம், பிறகு அங்கிருந்து எப்படி வெளியே வந்தது என்று மட்டும் கேட்க வேண்டும். ஆனால் அழிந்துபோன ஒரு சமூகத்தின் முத்திரை மட்டும் இருந்து, 1945க்குப் பிறகு எங்கே இருந்தது என்று விற்பவரால் சொல்ல முடியாவிட்டால் வாங்காதீர்கள். 2021இல் நியூயார்க்கில் ஏலத்துக்கு வந்த 17 கையெழுத்து ஆவணங்களை, ருமேனியா, ஹங்கேரி, உக்ரைன், ஸ்லோவாக்கியா யூதச் சமூகங்களிலிருந்து கொள்ளை போனவை என்று அமெரிக்க அரசு பறிமுதல் செய்தது. உங்கள் நூலில் நீங்கள் காட்டிய படங்களில் முத்திரை எதுவும் தெரியவில்லை, அட்டையின் உள்பக்கத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

யூதர் அல்லாதவர் வைத்திருக்கலாமா என்று தயங்கியிருக்கிறீர்கள். தாராளமாக. தேதி போட்ட முதல் எபிரேய நூலின் அந்த ஒற்றைப் பிரதியைக் காப்பாற்றியவரே தெ ரோசி என்ற கத்தோலிக்கப் பாதிரியார். அச்சு நூலும், எழுத்தர் கையால் தோலில் எழுதிய தோராச் சுருளும் ஒன்றில்லை என்பது மட்டும் நினைவிருக்கட்டும். சுருளின் துண்டுகளைச் சட்டம் போட்டு அலங்காரப் பொருளாக விற்கிறார்கள், பக்தியுள்ள யூதர்களுக்கு அது மிகவும் வலிக்கும் விஷயம், அந்தப் பக்கம் போகாமல் இருப்பது நல்லது. புத்தகத்தைத் தரையில் வைப்பதில்லை, கவிழ்த்து வைப்பதில்லை. கிழிந்த ஏடு தனியாக வந்துவிட்டால் குப்பையில் போடாதீர்கள். நம்மூரில் சிதைந்த ஓலைச்சுவடியை ஆடிப்பெருக்கில் ஆற்றில் விட்டதுபோல, அவர்கள் பழைய ஏடுகளைச் சேர்த்துவைத்துப் புதைப்பார்கள். பக்கத்து யூத ஜெப ஆலயத்தில் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்கள்.

எதைச் சேர்ப்பது? பழசையெல்லாம் சேர்க்கிறேன் என்று இறங்கினால் பணமும் போகும், அலமாரியில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத அரைகுறைகளும் சேரும். ஒரு ஊர், அல்லது ஓர் அச்சகம், அல்லது ஒரு வகை நூல் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். பஸ்கா இரவில் வாசிக்கும் ஹகாதா நூல்களைப் பலர் சேர்க்கிறார்கள், 1526 பிராக், 1609 வெனிஸ், செப்புத்தகட்டுப் படங்களோடு வந்த 1695 ஆம்ஸ்டர்டாம் என்று அதற்கென்றே ஒரு வரிசை உண்டு, ஆனால் இவை நம் கைக்கு எட்டாது. போரில் தப்பிய அகதிகளுக்காக, அமெரிக்க ராணுவ உதவியோடு ஹைடெல்பெர்கில் 1948இல் அச்சான தல்மூத்தின் தனித் தொகுதிகள் எப்போதாவது வரும், முள்வேலி முகாமும் அதன் மேலே புனித நாடும் வரைந்த தலைப்புப் பக்கம் அதற்கு. எனக்கு விருப்பமானது இந்தியப் பதிப்புகள். கல்கத்தாவில் பாக்தாத் யூதர்கள் 1840களிலேயே எபிரேய அச்சகம் நடத்தினார்கள், எபிரேய எழுத்தில் அரபு மொழிச் செய்தித்தாளே வந்தது. பம்பாயில் பெனே இஸ்ரயேல் என்ற மராத்தி பேசும் யூத மக்களுக்காக எபிரேயமும் மராத்தியும் சேர்ந்த நூல்கள் வந்தன. 1874இல் புனேயில் அச்சான ஹகாதாவில் புளிப்பில்லா ரொட்டி சுடும் பெண்கள் புடவை கட்டியிருப்பார்கள். கொச்சி யூதர்களின் பாடல்களும் பிரார்த்தனைகளும் 18ஆம் நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகிக் கப்பலில் வந்தன. பெரிய ஏலக்காரர்கள் இவற்றை இப்போது கண்டுகொண்டுவிட்டார்கள், இருந்தாலும் சாதாரணப் பிரார்த்தனை நூல்கள், நாள்காட்டிகள் இன்னும் கட்டுப்படியாகும் விலையில் அகப்படும். இந்தியாவுக்குக் கொண்டுவர நினைத்தால் ஒன்று: 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 வருஷம் தாண்டிய பொருளும் 75 வருஷம் தாண்டிய கையெழுத்துப் பிரதியும் தொல்பொருளாகக் கருதப்படலாம், அப்படியானவற்றைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே எடுத்துப்போக முடியாது. உள்ளே வந்தது திரும்ப வெளியே போவது கடினம் என்று தெரிந்து முடிவெடுங்கள்.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது 22 எழுத்துகளையும் அவற்றின் எண் மதிப்பையும் கற்றுக்கொள்வது. மொழி வேண்டாம், எழுத்து போதும், ஒரு வாரத்தில் வந்துவிடும், ராஷி எழுத்துக்கு இன்னொரு வாரம். பிறகு இஸ்ரேல் தேசிய நூலகத்தின் இணைய அட்டவணையில் ஊர், ஆண்டு, அச்சகம் வைத்துத் தேடினால் உங்கள் பதிப்பில் எத்தனை ஏடு இருக்க வேண்டும் என்று தெரியும், பல நூல்களின் முழுப் படமும் இலவசமாகக் கிடைக்கும், பக்கத்துக்குப் பக்கம் வைத்து ஒப்பிடலாம். லண்டனில் இருப்பதால் பிரிட்டிஷ் நூலகத்தில் வாசகர் அட்டை எடுத்தால் தி காரா நூல்களை நேரிலேயே கேட்டுப் பார்க்கலாம். ஆக்ஸ்ஃபோர்டு போக முடிந்தால் போட்லியன் நூலகத்தில் பிராக் ரப்பி டேவிட் ஓப்பன்ஹைமின் தொகுப்பு இருக்கிறது, 1829இல் 2,080 பவுண்டுக்கு வாங்கியது. அதுவரை உங்கள் நூலை நிறுத்தி வைக்காமல் படுக்கவைத்து, அமிலமில்லாத அட்டைப்பெட்டியில், வெயிலும் ஹீட்டரும் படாத அறையில் வையுங்கள். ஓட்டைகளில் புதிதாக மாவு போலத் தூள் கொட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அப்போது மருந்து அடிக்காமல், பாலித்தீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, தாள் பாதுகாப்பு தெரிந்த ஒருவரிடம் கொடுங்கள், குளிர்பெட்டியில் உறையவைத்து அவர்கள் கொன்றுவிடுவார்கள்.